பூஜையில் வைத்த பச்சை அட்டை

ஒரகடத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கிற கம்பெனி அது. வெளிநாட்டிலிருந்து மெஷின் இறக்கியிருந்தார்கள். ஊசி உடைந்தால் தானாக நின்றுவிடும், நூல் தீரப்போனால் விளக்குப் போட்டுச் சொல்லும், எண்ணெய் குறைந்தால் கத்தும். எல்லாம் யோசித்த மகராசர்கள், அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு ஒண்ணுக்கு வந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. அந்தப் பொறுப்பை முனிரத்தினம் சாரிடம் விட்டுவிட்டார்கள். அவரிடம் விட்டதற்கு, யாரிடமும் விடாமலே இருந்திருக்கலாம்.

முனிரத்தினம் மூன்றாவது லைனின் சூப்பர்வைசர். வடக்குப்பட்டுக்காரர். கிருத்திகை தவறாமல் வல்லக்கோட்டைக்குப் போய் முருகனைப் பார்த்துவிட்டு வருவார். நெற்றியில் பட்டை விபூதி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் ஒரு பச்சை அட்டை. அந்த அட்டைதான் கழிப்பறைக்கு அனுமதி. லைன் முழுக்க ஒரே அட்டை. போக வேண்டியவள் எழுந்துபோய் அவர் முன்னால் நிற்க வேண்டும். மனுஷன் சட்டென்று கழற்றிக் கொடுத்துவிடுவாரா? "இப்பத்தான போய்ட்டு வந்த?" என்பார். "வூட்லயே போய்ட்டு வர்றதுக்கு இன்னா?" என்பார். அதையும் கடைசி மெஷின் வரை கேட்கிற மாதிரி சொல்வார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி இவர்தான்.

டீ பிரேக்கில் போய்க்கொள்ளலாமே என்பீர்கள். கழிப்பறை ஷெட்டின் அந்தக் கோடியில் இருந்தது. எல்லா லைன் பெண்களும் அங்கேதான் ஓட வேண்டும். வரிசையில் பாதி தூரம் நகர்வதற்குள் பெல் அடித்துவிடும்.

சந்திரலேகா சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். ஸ்ரீபெரும்புதூரில் நாலு பேரோடு ஒரு வாடகை அறை, விடிந்ததும் கம்பெனி பஸ், டிரெய்னி வேலை. ஆண்பிள்ளை முன்னால் நின்று இதைப் போய்க் கேட்பதா என்று கூசிப்போய், தண்ணீர் குடிப்பதையே நிறுத்திக்கொண்டாள். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தாள். உடம்பு அப்படி நினைக்கவில்லை. நீர்க்கடுப்பு வந்தது, பின்னாலேயே காய்ச்சலும் வந்தது. டாக்டரம்மா பிடித்துத் திட்டினார். "தண்ணி நிறைய குடிக்கணும், வந்தா அடக்கக் கூடாது. இன்னொரு வாட்டி இப்படி வந்தா கிட்னியில போய் நிக்கும்" என்றார். சொல்வதற்கென்ன, சொல்லிவிட்டார். மாத்திரைச் சீட்டில் பச்சை அட்டையும் சேர்த்து எழுத முடியாதே!

முனிரத்தினத்திடம் சொல்லிப் பார்க்கலாம்தான். ஆனால் டிரெய்னியை நிரந்தரமாக்கலாமா, ஊருக்கு அனுப்பலாமா என்று எழுதிக் கொடுப்பவரும் அவரேதான். ஊரில் அவளுக்காகக் காத்திருந்தது பீடிச் சொளகு, இலையும் தூளும் பரப்பி மடியில் வைத்துப் பீடி சுற்றுகிற முறம். அதன் முன்னால் குனிந்து குனிந்தே அம்மாவுக்கு முதுகு போனதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். திரும்பிப் போகவே மாட்டேன் என்று பஸ் ஏறியவள். அதனால் வாயைத் திறக்கப் பயம். சும்மா பயமில்லை, அவர் நிழல் பக்கத்தில் விழுந்தாலே தையல் கோணிக்கொள்ளும்.

பக்கத்து மெஷின் ஜாஸ்மின், உள்ளூர்ப் பெண். வாய்க்குப் பூட்டே கிடையாது. எதிர் மெஷின் கிளியம்மாள், மூத்தவள், சர்க்கரைக்காரி. "ஆத்திரத்த அடக்கலாம், மூத்திரத்த அடக்க முடியுமாடி?" என்று பழமொழி சொல்வாள். சொல்லிவிட்டு, அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இந்த நிலைமையில் ஆயுத பூஜை வந்தது. டிஸ்பாட்ச் அவசரம், லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பூஜை போட்ட மெஷினை அன்றைக்கே ஓட்டலாமா என்று கிளியம்மாள் கேட்டதற்கு முனிரத்தினம் ஒரு சாஸ்திரம் சொன்னார். மெஷினுக்குப் பொட்டு வைத்தால் போதும், ஓட்டலாம். தட்டில் அடுக்கி முருகன் படத்துக்கு முன்னால் வைக்கிற சாமான்களை மட்டும் மறுநாள் காலையில் தேங்காய் உடைத்து எடுக்கும் வரை யாரும் தொடக் கூடாது. எந்தப் புராணத்தில் இருக்கிறது என்று கேட்காதீர்கள், டிஸ்பாட்ச் புராணத்தில் இருக்கிறது. ஆனால் அந்தத் தட்டு விஷயத்தில் மனுஷன் நெருப்பு. போன வருஷம் ஒருத்தி மறந்துபோய்த் தட்டிலிருந்த கத்தரிக்கோலை எடுத்துவிட, அடுத்த வாரம் அவர் பைக்கிலிருந்து விழுந்ததற்கு அவள்தான் காரணம் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தட்டு அடுக்கும் வேலை சந்திரலேகாவிடம் வந்தது.

"நீ தெக்கத்திப் பொண்ணு, பக்தியா செய்வ. இந்த லைன்ல இன்னா இன்னா வேல செய்துதோ, எல்லாத்துலயும் ஒண்ணொண்ணு வெச்சிரு" என்றார் முனிரத்தினம்.

அவள் கத்தரிக்கோல் வைத்தாள், ஊசிப் பெட்டி வைத்தாள், அளவு டேப், ஸ்பேனர் எல்லாம் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டாள். முனிரத்தினம் கற்பூரம் ஏற்ற வந்தார். குனிந்தால் கயிறு நெருப்பில் பட்டுவிடும் என்று கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி மேஜை ஓரத்தில் வைத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "முருகா, முருகா" என்று ஆரம்பித்துவிட்டார்.

ஜாஸ்மின் சந்திரலேகாவின் இடுப்பில் இடித்தாள். "அதும் வேல செய்துதானடி? நம்ம எல்லாரையும் வெச்சி செய்துல்ல?"

சந்திரலேகாவுக்கு அந்த நேரத்தில் என்ன பிடித்ததோ! சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. பயந்தாங்கொள்ளிக்கு வருகிற குறும்பு இருக்கிறதே, அது ரொம்பப் பொல்லாதது. சட்டென்று அட்டையை எடுத்துத் தட்டில் வைத்தாள். நடுவில் ஒரு பொட்டு, மேலே ஒரு சாமந்திப்பூ. முனிரத்தினம் கண்ணைத் திறந்து, கற்பூரத்தை முருகனுக்குக் காட்டி, தட்டுக்கும் பயபக்தியோடு மூன்று சுற்றுச் சுற்றினார். சுற்றி முடித்த பிறகுதான் பார்த்தார்.

"இன்னாமா இது?"

"நீங்கதான சார் சொன்னிய, வேல செய்யுதது எல்லாத்தையும் வைக்கச் சொல்லி?" என்றாள்.

அவர் கை தட்டை நோக்கி நீண்டது. நடுவழியில் நின்றது. ஆரத்தி காட்டிய பொருள். எதிரே முருகன் வேலோடு பார்த்துக்கொண்டிருக்கிறார். கை வந்த வழியே திரும்பிப் போனது. லைன் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. இன்றைக்கு ஒரு நாளாவது கேட்காமல் போய் வரலாம் என்று எல்லோர் முகத்திலும் ஒரு வெளிச்சம்.

முனிரத்தினம் நிதானமாக விபூதி எடுத்துப் பூசிக்கொண்டார். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே சந்திரலேகா தட்டை விட்டு ஓரடி பின்வாங்கினாள்.

"நல்லா கேட்டுக்குங்க. அட்ட சாமிகிட்ட கீது. நாளைக்கி தேங்கா ஒடைக்கிற வரிக்கும் அத யாரும் தொடக் கூடாது. அட்ட இல்லாம யாரும் எடத்த விட்டு எழுந்துக்கவும் கூடாது. புரிதா?"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. போதாக்குறைக்குப் பூஜைக்கென்று கம்பெனி செலவில் ஆளுக்கொரு மோர் பாக்கெட் வேறு கொடுத்திருந்தார்கள். வெயிலுக்கு இதமாக எல்லோரும் ஒரு சொட்டு விடாமல் குடித்திருந்தார்கள்.

"ஏன்டி, பொட்டு வெக்கறதுக்கு உனக்கு வேற பொருளே கெடைக்கலியா?" என்று கிளியம்மாள் எதிர் மெஷினிலிருந்து கண்ணாலேயே அவளைத் தைத்தாள். தூண்டிவிட்ட ஜாஸ்மினோ குனிந்த தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள், படுபாவி.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் கழிப்பறை வரிசை நகர்வதற்குள் பெல் அடித்துவிட, கொஞ்ச நேரத்தில் சந்திரலேகாவுக்கு அந்த வலி வந்துவிட்டது. அடிவயிற்றில் தொடங்கி இடுப்பைச் சுற்றிக் கவ்விப் பிடிக்கிற வலி. டாக்டரம்மா சொன்னது காதில் கேட்டது. முதலில் தன் மேலேயே கோபம் வந்தது. அப்புறம் முனிரத்தினத்தின் மேல் வந்தது. கடைசியில் முருகன் மேலேயே வந்துவிட்டது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இவருக்கு என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கிறது?

அப்படி நினைத்ததும்தான் அவளுக்கு அது தோன்றியது. மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். நேரே முருகன் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். கைகூப்பி, கண்ணை மூடி, உதடு அசைய என்னவோ கேட்டாள். தலையை ஆட்டினாள். விபூதி எடுத்துப் பூசிக்கொண்டு கழிப்பறைப் பக்கம் திரும்பினாள்.

"ஏய், எங்க போற? அட்ட எங்க?" முனிரத்தினம் ஓடி வந்தார்.

"சாமிகிட்ட இருக்கு சார்."

"அதான் யாரும் போவக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"அட்டை யார்ட்ட இருக்கோ அவுககிட்ட கேட்டுட்டுத்தான சார் போகணும்? கேட்டுட்டேன். போயிட்டு வா தாயின்னாரு."

முனிரத்தினம் வாயைத் திறந்தார். முருகன் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்ல வேண்டும். அல்லது முருகன் சொன்னாலும் நான் விடமாட்டேன் என்று சொல்ல வேண்டும். இரண்டையும் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டார். சந்திரலேகா போய்விட்டாள்.

திரும்பி வந்து பார்த்தால், அடேயப்பா, முருகன் படத்துக்கு முன்னால் வரிசை! வல்லக்கோட்டையில் கிருத்திகைக்குக்கூட அத்தனை பக்தி பார்க்க முடியாது. கிளியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். அடுத்து ஜாஸ்மின் நின்றாள்.

"நீ இன்னாமா? நீ சர்ச்சுக்குப் போறவதான?" என்று மடக்கினார் முனிரத்தினம்.

"அவசரத்துக்கு எல்லா சாமியும் ஒண்ணுதான் சார். முருகனே ஒண்ணும் கேக்கல, நீங்க இன்னாத்துக்கு கேக்கறீங்க?"

சாயங்காலத்துக்குள் விபூதித் தட்டு காலி. டார்கெட் என்ன ஆயிற்று என்கிறீர்களா? ஒன்றும் ஆகவில்லை, வழக்கம்போல முடிந்தது.

பஸ்ஸில் எல்லோரும் முனிரத்தினம் வாயைத் திறந்து மூடியதை நடித்துக் காட்டிச் சிரித்தார்கள். சந்திரலேகாவும் சிரித்தாள், கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இன்றைக்குப் பேசிய பேச்சு அவளுடையதில்லை, முருகனிடம் இரவல் வாங்கியது. நாளைக் காலையில் தேங்காய் உடைத்ததும் அவர் அட்டையை முனிரத்தினத்திடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்.

"நாளைக்கி இன்னாடி பண்ணுவ?" என்றாள் ஜாஸ்மின்.

"தெரியல பிள்ள" என்றாள் சந்திரலேகா.

மறுநாள் தேங்காய் சரிபாதியாக உடைந்தது. முனிரத்தினம் அட்டையைத் தட்டிலிருந்து எடுத்து, குங்குமத்தைக் கைக்குட்டையால் துடைத்து, கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"நேத்து சாமி. இன்னிக்கி நான்" என்று லைனைப் பார்த்துச் சொன்னார். பிறகு சந்திரலேகாவின் மெஷின் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். "உன் டிரெய்னி பேப்பர் அடுத்த வாரம் எங்கிட்டதான் வருது. ஞாபகம் வெச்சிக்க."

அவளுக்கு ஞாபகம் இல்லாமலா? பீடிச் சொளகு கண் முன்னால் வந்து நின்றது. ஆனாலும் பாட்டிலை எடுத்து, அவர் பார்க்கப் பார்க்கத் தண்ணீர் குடித்தாள். குடித்தால் வரத்தானே செய்யும், வந்தது. பழக்க தோஷத்தில் முருகன் படத்தைப் பார்த்தாள். ஊதுவத்தி அணைந்திருந்தது. தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். இனிமேல் இரவல் கிடைக்காது என்று தெரிந்தது. தெரிந்தும் எழுந்தாள்.

முனிரத்தினம் அட்டையைக் கழற்றி விரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே நின்றார், கேட்கட்டும் என்று.

"வேண்டாம் சார். நான் கேக்க வரல, சொல்லிட்டுப் போக வந்தேன்."

"இன்னாது?"

"ஒண்ணுக்குப் போறேன் சார். இனிம தெனமும் இப்படிச் சொல்லிட்டுத்தான் போவேன்." குரல் நடுங்கியது. ஆனால் கடைசி மெஷின் வரை கேட்டது. வெட்கத்தைப் பார்த்தால் உடம்பு போய்விடும் என்று அவளுக்கு இப்போது நன்றாகவே புரிந்திருந்தது.

"பேப்பர் யார் கையில கீதுன்னு தெரியும்ல?"

"அது ஒங்க கையிலயே இருக்கட்டும் சார். எனக்கு இப்பம் அவசரம்."

சொல்லிவிட்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் உட்கார்ந்துவிடுவோம் என்று பயம். முதுகுக்குப் பின்னால் ஒரு மெஷின் நின்றது, பிறகு இன்னொன்று நின்றது, அப்புறம் எது எது என்று பிரிக்க முடியவில்லை.

கதவைத் தாழிட்டுக்கொண்ட பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. கொஞ்ச நேரத்தில் வெளியே செருப்புச் சத்தம் கேட்டது, கதவைத் தட்டும் சத்தமும் கேட்டது.

"சீக்கிரம் வாடி, நானும் சொல்ட்டு வந்துட்டேன்." கிளியம்மாளின் குரல்.

"என்னக்கா சொன்னாரு?"

"இன்னா சொல்வாரு? லைன் மொத்தமும் எழுந்து நின்னுகினு கீது. எல்லாரும் ஒரே நேரத்துல போவாதீங்க, ரெண்டு ரெண்டு பேரா போங்கன்னு கையெடுத்துக் கும்புடறாரு."

"என் பேப்பரு?"

"எத்தினி பேரோட பேப்பரதான் கிழிப்பாரு? அப்புறம் சீட்டு கவர அவரே ஒக்காந்து தெச்சிக்கட்டும். நீ மொதல்ல வெளிய வா, எனக்குத் தாங்கல!"

சந்திரலேகா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகையோடு சிரிப்பும் வந்தது.

"கொஞ்சம் பொறுங்கக்கா" என்றாள். இந்தக் கம்பெனிக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, முழுசாகப் போய்விட்டுத்தான் வெளியே வந்தாள்.