செவ்வாய்க்கிழமை வாங்கிய போன்

ரிட்டயர் ஆன பிறகும் பள்ளிக்கூடம் என்னை விடவில்லை. பிரசவ லீவு, மருத்துவ லீவு என்று எங்காவது ஒரு டீச்சர் இல்லாமல் போனால் கூப்பிடுவார்கள். இந்த வருஷம் திங்களும் செவ்வாயும் கடற்கரையில் இருக்கும் இனயத்தில்; மீதி நாள் வீட்டுக்குப் பக்கத்தில், குழித்துறையில்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஏழாம் வகுப்பில் ரெஜிஷாவின் மடியில் பட்டன் போன் இருந்தது.

"கொண்டா இங்க."

"டீச்சர், அப்பா விளிக்கும். பஹ்ரைன்ல மீன்பிடி போட்டுல நிக்குது. கரைக்கு வந்தாத்தான் விளிக்க முடியும். அம்மை மீன் விக்கப் போயிருக்கு."

"பள்ளிக்கூடம் விட்டதும் தாறேன்."

அணைத்துப் பைக்குள் போட்டேன். மணி அடித்ததும் பஸ்ஸுக்கு ஓடினேன். வீட்டில் பையைத் திறந்தபோதுதான் போன் கையில் தட்டுப்பட்டது.

தலைமை ஆசிரியர் செல்வதாசுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆள் அனுப்பி வாங்கியிருப்பார். ஆனால் வயதாகிவிட்டது, மறதி என்று அடுத்த வருஷம் என்னைக் கூப்பிடமாட்டார். திங்கட்கிழமை போகத்தானே போகிறோம் என்று போனை மேசைக்குள் வைத்தேன்.

திங்கட்கிழமை ரெஜிஷா கை நீட்டி வாங்கினாள். முழங்கைக்கு மேல் வரிவரியாக அடித்தடம்.

"என்னதுட்டி இது?"

"அம்மை அடிச்சு."

"நான் வாங்கி வச்சேன்னு சொல்லப்பிடாதா?"

"சொன்னேன். டீச்சர்மாரு பிள்ளையளுக்க போன வீட்டுக்குக் கொண்டு போவாவளா, நீ எங்கயோ களஞ்சிட்டு கள்ளம் சொல்லுதன்னு அடிச்சு."

பேசிக்கொண்டே போனை உயிர்ப்பித்தாள். வரிசையாகச் செய்திகள் வந்தன.

"அப்பா வியாழக்கிழமை ஏழு வாட்டி விளிச்சிருக்கு. இனி கரைக்கு வர ஒரு மாசம் ஆவும் டீச்சர்."

சாயங்காலம் அவளோடு வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா லீமா மீன் சுமக்கும் அலுமினியச் சருவத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி எடுத்துப் போட்டாள்.

"இரிங்க டீச்சர்."

"லீமா, பிள்ள சொன்னது உள்ளதாக்கும். போன் எங்கிட்டதான் இருந்து."

"அதுக்கென்ன டீச்சர். இந்த வயசுல ரெண்டு பள்ளிக்கு ஓடுதிய. மறந்திருப்பிய. இவளும் லேசுப்பட்டவளா? மூணு குடை களஞ்சவ. இவ பேச்ச ஆரு நம்புவா?"

தலையை ஆட்டினால் போதும். அத்தோடு முடிந்துவிடும். ரெஜிஷா கதவைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள்.

"மறக்கல்ல லீமா. அன்னைக்கு சாயங்காலமே பாத்தேன். எச்.எம். அறிஞ்சா இனி என்னக் கூப்பிடமாட்டாருன்னு வீட்டுல வச்சிருந்தேன்."

லீமா குத்தவைத்து உட்கார்ந்து மறுபடி சருவத்தைக் கழுவத் தொடங்கினாள்.

"அவரு விளிச்ச நேரம் போன் எங்க இருந்து?"

"மேசைக்குள்ள."

"ஓ."

மகளிடம் திரும்பினாள். "இங்க வா மக்கா."

ரெஜிஷா வரவில்லை. லீமாவே எழுந்து போய் அவள் கையைப் பிடித்து, அடித்தடத்தின்மேல் ஈர விரலை வைத்தாள்.

"டீச்சர் போவட்டும்," என்றாள், என்னைப் பார்க்காமல். "பஸ்ஸு வாற நேரம்."