ஆற்றுக் கிளையில் எங்கள் பெயர்

அன்று பள்ளிக்கூடத்துக்குள் யார் யார் இருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே இல்லாதவர்கள்தான் இப்போது அதிகம் பேசுகிறார்கள். நிலத் தகராறைத் தீர்க்க மாவட்டத்திலிருந்து வந்த நடுவர் பெனடிக்ட் இருந்தார். மொழிகளை ஆராயும் நவோமி இருந்தாள். தீவுப் பக்கத்துப் பெண், தலைநகரத்துப் பல்கலைக்கழகத்தில் வேலை. ஆற்றுக்காரர்களின் தலைவன் சிம்பானி, அவனுக்குப் பின்னால் அவன் ஆட்கள். எங்கள் பக்கம் நான், என் தம்பி வாமுரி, என் மருமகள் ஆக்னஸ், பிறகு எங்கள் குலத்து ஆண்களும் பெண்களும். ஆக்னஸின் கணவன், என் மகன் கிளெமென்ட், அன்று அங்கே இல்லை. அவன் கடற்கரைப் பக்கம் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் இருக்கிறான். என் பெயரை நான் சொல்வதில்லை. எங்களில் யாரும் தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்வதில்லை. எங்கள் மொழியில் தண்ணீருக்கு எது சொல்லோ அதுதான் என் பெயர். கோம்பா மேட்டில் என் அப்பா ஊற்றைக் கண்டுபிடித்த பருவத்தில் நான் பிறந்தேன். அவர் வைத்த பெயர் அது.

தகராறு அந்தக் கோம்பா மேட்டுக்காகத்தான். மேட்டின் முதுகு முழுவதும் மலைத்தாழை, கொட்டையைச் சுட்டுத் தின்பதற்காக வளர்க்கும் மரம். எங்கள் முன்னோர் மலையிலிருந்து இறங்கி வந்து நட்டது என்று நாங்கள் சொல்கிறோம். நாங்கள் ஆற்றங்கரையிலிருந்து பிரிந்து மேலே ஏறியவர்கள், அதனால் மேடு தாய்வீட்டுக்காரர்களான தங்களுக்கே சேரும் என்று சிம்பானி சொல்கிறான். நடுவர் கல்லறைகளைப் பார்த்தார், மரங்களைப் பார்த்தார், இரண்டு பக்கத்துப் பழங்கதைகளையும் கேட்டார். எங்கள் கதையும் அவர்கள் கதையும் ஒரே எடை. அப்போது அவருக்குத் தோன்றிய யோசனைதான் நவோமி. ஆற்றுக்கும் மலைக்கும் நடுவே உள்ள அத்தனை ஊர்களின் பேச்சையும் அவள் பதிவு செய்து வைத்திருந்தாள். எந்த மொழி எந்த மொழியோடு பிறந்தது என்று சொல்லக்கூடியவள். அவள் சொல்லட்டும் என்றார் நடுவர். சிம்பானி ஒப்புக்கொண்டான். நான் அவனைவிடச் சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். காது உள்ளவன் எவனும் எங்கள் பேச்சை ஆற்றுப்பேச்சு என்று சொல்லமாட்டான்.

நவோமி கரும்பலகையில் ஒரு பெரிய தாளை ஒட்டினாள். அதில் மரம்போல ஒரு படம். ஒரு அடிமரத்திலிருந்து மலை மொழிகள் ஒரு பக்கமும், இன்னொரு அடிமரத்திலிருந்து ஆற்று மொழிகள் இன்னொரு பக்கமும் கிளை விட்டிருந்தன. எங்கள் பெயரைத் தேடினேன். என் கண் பழசு, ஆனால் என் குலத்தின் பெயரை எழுத்தில் பார்த்தால் தெரியும். அது மலைப் பக்கத்தில் இல்லை. ஆற்று மரத்தின் கடைசிக் கிளையில், சிம்பானியின் மொழிக்குக் கீழே, அவன் மொழியிலிருந்து முளைத்த குச்சியாக இருந்தது.

"எனக்கே இது குழப்பமாத்தான் இருந்துச்சு," என்றாள் நவோமி. "உங்க பேச்சோட கட்டுமானம் மலைப்பக்கம் மாதிரிதான். எழுந்து, போய், வெட்டி, தூக்கி, வந்துன்னு வினையை ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா கோத்துக்கிட்டே போறீங்க. யாரு செஞ்சாங்கிறது கடைசி வினையிலதான் தெரியும்."

"மலைக்காரன் ஒரு வாக்கியத்தை முடிக்கறதுக்குள்ள குழியில போட்ட பன்னி வெந்துடும், மிஸ்!" என்றான் சிம்பானி. அவன் ஆட்கள் சிரித்தார்கள்.

"ஆத்துக்காரன் ரெண்டே வார்த்தையில முடிச்சுடுவான்," என்றேன். "ஒண்ணு 'குடு', இன்னொண்ணு 'இன்னும் குடு'."

நடுவர்கூடச் சிரித்தார். அதுதான் அன்று நான் கடைசியாகக் கேட்ட நல்ல சிரிப்பு.

நவோமி தொடர்ந்தாள். நீளமான பொருளை ஆண் என்றும் உருண்டையான பொருளைப் பெண் என்றும் சொல்லும் வழக்கம் இரண்டு பக்கமும் இருக்கிறதாம்; அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாதாம். கட்டுமானம் அண்டை வீட்டிலிருந்து தொற்றிக்கொள்ளும், தினப்படிச் சொற்கள் அவ்வளவு எளிதில் மாறாது என்றாள். தண்ணீர், நெருப்பு, கல், எலும்பு, பன்றி, இலை, நிலா. எங்கள் ஊரில் அவள் கேட்டு வாங்கிய அடிப்படைச் சொற்களில் பெரும்பகுதி ஆற்றுச் சொற்கள். அதனால்தான் அந்தக் கிளை.

தண்ணீர் என்று அவள் சொன்னபோது எனக்கு விளங்கிவிட்டது. நெருப்பு என் தாத்தாவின் பெயர். கல் என் அப்பாவின் பெயர். நிலா என் மனைவியின் பெயர். எங்கள் குலத்துக்கு மருமகளாக வருகிறவள் கணவன் வீட்டுப் பெரியவர்களின் பெயரை வாயால் சொல்லமாட்டாள். அந்தப் பெயர் எந்தப் பொருளைக் குறிக்கிறதோ அந்தப் பொருளுக்கும் அந்தச் சொல்லைச் சொல்லமாட்டாள். அதைப்போல ஒலிக்கும் சொல்லையும் தொடமாட்டாள். அதற்குப் பதிலாகப் பிறந்த ஊர்ச் சொல்லைப் போட்டுக்கொள்வாள். ஆக்னஸ் பிறந்தது ஆற்றங்கரையில். என் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் வாய் ஒருமுறைகூடத் தவறியதில்லை. பிரசவத்தில் உயிர் போகிற வலியில் தண்ணீர் கேட்டபோதும் அவள் அம்மாவின் ஊர்ச் சொல்லால்தான் கேட்டாள். சுவருக்கு வெளியே உட்கார்ந்திருந்த எனக்கு அன்று எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை யாரிடமும் சொன்னதில்லை.

ஆக்னஸுக்கும் விளங்கிவிட்டது. அவள் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நின்றாள்.

"மிஸ், நான் சொன்னதுல பாதி எங்க அம்மா ஊரு வார்த்தை. இங்க இருக்கறவங்க பேரு சொல்லக்கூடாதுன்னு மாத்திச் சொன்னேன். நீங்க அதைக் கேக்கறீங்கன்னு எனக்குத் தெரியாது."

நவோமியின் முகம் வெளுத்தது. "நான் முதல்லயே கேட்டேனே! அந்த வழக்கம் இந்த வீட்டுல இருக்கான்னு கேட்டேன். சர்ச் வந்ததுமே போயிடுச்சுன்னு சொன்னாங்க."

"யாரு சொன்னாங்க?" என்றார் நடுவர்.

அவள் என் தம்பியைப் பார்த்தாள்.

வாமுரி பாக்கு மென்றுகொண்டிருந்தான். நவோமி எங்கள் ஊருக்கு வந்தது தாழங்கொட்டை அறுவடைக் காலம். குலத்தில் பிறந்தவர்கள் எல்லோரும் மேட்டில் இருந்தோம். வெளியூரிலிருந்து வந்த மருமகள்கள் அறுவடைக்கு மேடு ஏறுவதில்லை. அவர்கள் மட்டும் ஊரில் இருந்தார்கள். முட்டி வீங்கியிருக்கிறது என்று வாமுரியும் தங்கிவிட்டான். அவனே எல்லாச் சொற்களையும் சொல்லியிருக்கலாம். அவன் அவளைக் கூட்டிப்போய் உட்காரவைத்தது ஆக்னஸின் அடுப்பருகில். அப்போதும் எனக்கு அவன்மேல் சந்தேகம் வரவில்லை. சோம்பேறித்தனம் என்றே நினைத்தேன். சிறுவயதிலிருந்து அவன் அப்படித்தான்.

நடுவர் நியாயமாகத்தான் நடந்துகொண்டார். வழக்காடுகிறவன் தனக்குச் சாதகமாகத்தான் சொல்வான், அதனால் நானும் சிம்பானியும் வாய் திறக்கக்கூடாது என்றார். எங்கள் குலத்தில் பிறந்த ஒருவர், இரண்டு தரப்பும் ஏற்றுக்கொள்கிற ஒருவர், அந்தச் சொற்களைச் சொல்லட்டும் என்றார்.

"வாமுரி சொல்லட்டும்," என்றான் சிம்பானி. வாமுரியின் மகளைச் சிம்பானியின் மகனுக்குத்தான் கொடுத்திருக்கிறோம்.

"என் தம்பியே சொல்லட்டும்," என்றேன் நான். ஒரே அம்மாவின் பால் குடித்தவன்.

வாமுரி எழுந்தான். பாக்கை வெளியே துப்பிவிட்டு வந்து நின்றான். முட்டி நன்றாகத்தான் மடங்கியது.

"எங்க அண்ணன் மருமக நல்ல பொண்ணு," என்றான். "பெரியவங்க மேல மரியாதை ஜாஸ்தி. அந்த மரியாதையிலதான் இப்ப பயந்துபோய்ப் பேசுது. மிஸ்கிட்ட அது சொன்ன வார்த்தைதான் நாங்க எல்லாரும் பேசற வார்த்தை."

"தண்ணிக்கு உங்க மொழியில வேற சொல் இல்லையா?" என்றார் நடுவர். "உங்க அண்ணன் பேரே அதுதான்னு பேசிக்கறாங்களே?"

"அண்ணன் பேருக்கு அர்த்தம்னு எதுவும் கிடையாது, ஐயா. வெறும் பேரு."

எங்கள் பக்கத்துப் பெஞ்சுகளில் ஒரு முனகல் எழுந்தது. ஒருவரும் எழவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குலத்தில் மூத்தவன் நான் இருக்கும்போது வேறு யாரும் முதலில் பேசுவதில்லை. நான் எழுந்தால் எல்லோரும் எழுவார்கள். எழுந்து என்ன சொல்வது? என் தம்பி பொய்யன் என்று. சிம்பானி பாக்குப் பையை மடியில் வைத்துக்கொண்டு அதற்குத்தான் காத்திருந்தான். என் அப்பா பெற்ற இரண்டு பிள்ளைகள், ஆற்றுக்காரர்களுக்கு நடுவே, ஒருவன் வாயை ஒருவன் பொய் வாய் என்று சொல்வது. ஒரு மேட்டை இழந்த குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் நிறைய உண்டு. அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அண்ணனும் தம்பியும் சபையில் நாய்போலக் கடித்துக்கொண்ட குடும்பத்தில் யாரும் பெண் எடுப்பதில்லை. நான் முதுகை நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நடுவர் ஆக்னஸ் பக்கம் திரும்பினார். "அப்ப நீயே சொல்லும்மா. நீ பிறந்தது வேற ஊரு, ஆனா இங்க பத்துப் பதினைஞ்சு வருஷமா இருக்கே. மாத்திச் சொன்னேன்னு சொல்றியே, மாத்தாத வார்த்தை என்ன? ஒண்ணு சொல்லு, போதும். தண்ணிக்கு என்ன?"

பள்ளிக்கூடத்தின் தகரக் கூரை வெயிலில் டப்பென்று ஒலித்தது. ஆக்னஸ் என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் கேள்வி இருந்தது. நான் தலையை ஒருமுறை அசைத்திருந்தால் போதும்.

நான் கதவு நிலையைப் பார்த்தேன். கறையான் ஏறியிருந்தது. பள்ளிக்கூடம் கட்ட அந்த மரத்தைக் கொடுத்தது எங்கள் குலம்.

"என்னால முடியாது, ஐயா," என்று சொல்லிவிட்டு ஆக்னஸ் உட்கார்ந்துவிட்டாள்.

சொல்லாத சொல்லை எழுதிக்கொள்ள முடியாது என்றார் நடுவர். அதுவும் நியாயம்தான். கோம்பா மேடு ஆற்றுக்காரர்களுடையது. எங்கள் குடும்பம் வழக்கம்போலக் கொட்டை எடுத்துக்கொள்ளலாம், சிம்பானியின் வீட்டில் அனுமதி கேட்டுக்கொண்டு. அனுமதி என்ற சொல்லை அவர் மெதுவாகத்தான் சொன்னார். நல்ல மனிதர்.

வெளியே, மழைநீர்த் தொட்டியின் நிழலில் வாமுரி நின்றிருந்தான். அவனைச் சுற்றி நின்ற ஆற்றுக்காரர்கள் நான் வருவதைப் பார்த்து விலகிக்கொண்டார்கள்.

"முட்டி சரியாயிடுச்சா?" என்றேன்.

"அண்ணே, கோபப்படாதே."

"முட்டியைத்தான் கேட்டேன்."

அவன் தரையைப் பார்த்தான். பிறகு வேகமாகப் பேசினான், யோசித்து வைத்ததைப் பேசுகிறவன்போல. "உன் பிள்ளை எண்ணெய்ப்பனைக்குப் போயிட்டான். திரும்பி வரப்போறானா? வந்தாலும் தாழை மரம் ஏறத் தெரியுமா அவனுக்கு? என் பேரன் ஏறுவான், அண்ணே. சிம்பானி வீட்டுப் பிள்ளையா இருந்தாலும் அவன் உடம்புல ஓடறது நம்ம ரத்தம். உன் பிள்ளை பேருல சும்மா கிடக்கறதுக்கு என் பேரன் கையில இருந்தா என்ன கெட்டுப்போச்சு?"

"என்கிட்ட கேட்டிருக்கலாம்."

"குடுத்திருப்பியா?"

குடுத்திருக்கமாட்டேன். மூத்தவன் வீட்டு மேடு மூத்தவன் மகனுக்கு. அதை நான் சொல்லவேண்டிய அவசியம் இல்லை, அவனுக்குத் தெரியும்.

"என் பேருக்கு அர்த்தம் இல்லைன்னியே," என்றேன்.

"அது... வாயில வந்துடுச்சு."

"அப்பா வெச்ச பேருடா."

அவன் பாக்குப் பையைத் திறந்து என் பக்கம் நீட்டினான். சிம்பானி ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு பாக்கை எடுத்துக்கொண்டேன். அவர்கள் பார்வை மறைகிற வளைவுவரை அதைக் கையில் வைத்திருந்தேன். பிறகு புதருக்குள் எறிந்தேன்.

வீட்டுக்குப் போகிற பாதையில் ஆக்னஸ் எனக்குப் பின்னால் வந்தாள்.

"மாமா, நீங்க தலையசைச்சிருந்தா சொல்லியிருப்பேன்."

"தெரியும்."

"அதுக்கப்புறம் இந்த ஊருல என் மூஞ்சியை யாரும் பார்க்கமாட்டாங்க. பரவாயில்லன்னு நினைச்சுக்கிட்டுதான் நின்னேன்."

"அதுவும் தெரியும்."

"அப்புறம் ஏன் மாமா?"

சரிவில் ஈரம் இருந்தது, பார்த்து வா என்றேன்.

மறுநாள் காலையில் நவோமி என் வீட்டுக்கு வந்தாள். தூங்காத முகம். அந்தத் தாளைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள். ஒலிப்பதிவுக் கருவியை என் முன்னால் வைத்து, "இப்ப யாரும் இல்ல, தாத்தா. நீங்க சொல்லுங்க, நான் மரத்தைத் திருத்திடறேன். தீர்ப்பு மாறாட்டியும் இதாவது சரியா இருக்கட்டும்," என்றாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளையும் அல்லவா ஏமாற்றியிருக்கிறான். ஆனால் நான் இங்கே ஒரு சொல்லைச் சொன்னால், அது தாளில் ஏறினால், வாமுரி சபையில் சொன்னது பொய் என்று ஏறும். படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கும்வரை இருக்கும்.

"ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்ட ஆளு என் தம்பிதான். அவனைக் கேளும்மா," என்றேன்.

"தப்பாவே அச்சாயிடும், தாத்தா."

"ஆகட்டும்."

வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு இரண்டை ஆக்னஸ் இலையில் வைத்துக் கொடுத்தாள். நவோமி அதைச் சாப்பிடாமல் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள்.

இப்போது அறுவடைக் காலம். கோம்பா மேட்டில் புகை எழும்புகிறது. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் கொட்டை சுடும் வாசனை வாசல்வரை வருகிறது. அனுமதி கேட்க நான் போகவில்லை. வாமுரி ஒரு கூடை கொட்டையைக் கொடுத்து அனுப்பினான். கொண்டுவந்தவர்களை உட்காரவைத்து, புகையிலை கொடுத்து, கூடையைத் தொடாமல் அவர்கள் கையிலேயே திருப்பி அனுப்பினேன்.

ஆற்றுச் சந்தையில் ஒரு பேச்சு ஓடுகிறதாம். நடுவர் முன்னால் ஆக்னஸ் என் பெயரைச் சத்தமாகச் சொல்லிவிட்டாள் என்றும், நான் தலைகுனிந்து வெளியேறி அவளைப் பிறந்தவீட்டுக்குத் துரத்திவிட்டேன் என்றும் சொல்கிறார்கள்.

அவள் சொல்லவில்லை. நான் துரத்தவும் இல்லை. அவள் இங்கேதான் இருக்கிறாள்.