செவ்வாயில் மாட்டிக்கொண்ட மூன்று பேர்

செபாஸ்டின் தர்மபுரியில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டைம் கீப்பர். வண்டிகளுக்கு நேரம் போட்டுக் கொடுப்பது அவர் வேலை. மற்றபடி அவர் நினைப்பெல்லாம் ராக்கெட்தான். அது 1969 செப்டம்பர். மனிதன் நிலவில் கால் வைத்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. செபாஸ்டினோ நூலகத்துப் புத்தகங்களை வைத்துக்கொண்டு, நான்கு வருஷமாகச் செவ்வாய்க்கு ஆள் அனுப்பத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். மூன்று பேர். போக 259 நாள், அங்கே பத்து நாள், திரும்ப 259 நாள். பதினெட்டு மாதச் சாப்பாடு.

அன்று மாலை நாலு மணிக்குப் பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இதைப் பற்றிப் பேச அவரை அழைத்திருந்தார்கள். காலையில் அதியமான்கோட்டை வீட்டில், அவர் மனைவி ராஜமேரி அவர் சுற்றுப்பாதைகளை வரைந்து வைத்திருந்த சார்ட்டைத் தரையில் விரித்து, பூமி, செவ்வாய், கப்பல் என்று குத்தியிருந்த குண்டூசிகளை நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூமிக்கு நாளொன்றுக்கு ஒரு பாகை, செவ்வாய்க்கு அரைப் பாகை. அவர் சொல்லிக்கொடுத்த கணக்குதான்.

"ஏங்க, இவுங்க திரும்பி வர்றப்ப நம்ம பூமி இங்க இல்லீங்களே?"

"இல்லாம எங்க போயிரும்?"

"கப்பல் இந்தப் பக்கம் வந்து நிக்குது. பூமி சூரியனுக்கு அந்தாண்ட கெடக்குது, பாருங்க."

"ஊசிய தப்பா நகத்தியிருப்ப. வுடு, எனக்கு நேரமாச்சு."

அவர் சார்ட்டைச் சுருட்டிய வேகத்தில் ஓரம் கிழிந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டார். இரண்டாம் தடவையும் அதே விடை. மூன்றாம் தடவையும் மாறவில்லை. அவள் சொன்னது சரி. பத்தே நாளில் செவ்வாயை விட்டுக் கிளம்பினால், கப்பல் வந்து சேரும் இடத்தில் பூமி இருக்காது. பூமி சரியான இடத்துக்கு வரும்வரை அங்கேயே கிட்டத்தட்ட 450 நாள் காத்திருக்க வேண்டும். மொத்தம் முப்பத்திரண்டு மாதம் ஆகிவிடும். கையிலிருப்பதோ பதினெட்டு மாதச் சாப்பாடு.

நான்கு வருஷமாக இது தன் கண்ணில் படவில்லையே என்று நொந்துகொண்டார்.

பள்ளியில் கூட்டம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் சயின்ஸ் வாத்தியார் பச்சியப்பன் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 'பஸ் கிளார்க்குக்கு ராக்கெட்டைப் பத்தி என்னங்க தெரியும்?' என்று அவர் ஹெட்மாஸ்டரிடம் கேட்டது செபாஸ்டின் காதுக்கும் எட்டியிருந்தது.

யாருக்கும் தெரியப்போவதில்லை. பூமியின் ஊசியைக் கொஞ்சம் வேகமாக நகர்த்திவிட்டால் போதும். மேடை ஏறும்போது அவர் அப்படித்தான் முடிவுசெய்திருந்தார். சார்ட்டை மாட்டி, ஊசிகளை நகர்த்தியபடி ராக்கெட் கிளம்பியதைச் சொன்னார், கைதட்டினார்கள். மூன்று பேரும் செவ்வாயில் இறங்கியதைச் சொன்னார். பின்வரிசையில் விசிலே அடித்தார்கள். பத்து நாளும் முடிந்தது. ஊசியைத் தொட்ட விரல் அசைய மறுத்தது.

"என்னாச்சுங்க? திரும்பி வரட்டும்" என்றார் ஹெட்மாஸ்டர்.

செபாஸ்டின் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"வர முடியாதுங்க. நான் போட்ட கணக்கு தப்பு. கப்பல் வந்து சேர்றப்ப பூமி அந்தப் பக்கம் இருக்கும். அங்கேயே காத்திருந்தாலும் சோறு பத்தாது. இந்த மூணு பேரும் செத்துருவாங்க. இன்னிக்குக் காலைல எங்க வூட்ல கண்டுபிடிச்சாங்க. நான் அவுங்களத் திட்டிட்டு வந்தேன்."

யாரோ சிரித்தார்கள். அது அப்படியே பரவியது. ஹெட்மாஸ்டரின் முகம் கறுத்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே பச்சியப்பன் எழுந்து மேடைக்கு வந்தார். செபாஸ்டின் தலையைக் குனிந்துகொண்டார்.

பச்சியப்பன் சாக்பீஸை எடுத்துப் போர்டில் ஒரு கணக்கைப் போட்டார். பார்த்துவிட்டு அழித்தார். மறுபடியும் போட்டார். இப்போது சிரிப்பு நின்றிருந்தது.

"நானூத்தி அம்பத்திநாலு நாளு" என்றார் மெதுவாக. "காத்திருக்கணுங்கறது எனக்கும் தோணலீங்க, செபாஸ்டின். நானும் உங்கள மாதிரி பத்து நாள்ல திருப்பியிருப்பேன்."

கூட்டம் பாதியிலேயே கலைந்தது. ஹெட்மாஸ்டர் வந்தனம் சொல்ல மறந்துபோனார். அதன் பிறகு அந்தப் பள்ளியிலிருந்து செபாஸ்டினுக்கு அழைப்பே வரவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் செபாஸ்டின் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மேரி, நீ சொன்னதுதான் சரி. எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்."

"ஐயோ, அதையெதுக்குங்க அங்க போய்ச் சொன்னீங்க?" என்றாள் அவள். சார்ட்டை வாங்கி விரித்துக்கொண்டே, "சாப்பாட்ட மட்டும் தனியா ஒரு கப்பல்ல முன்னாடியே அனுப்பிட்டா ஆகாதா?" என்று கேட்டாள்.

அடுத்த ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து அவர்கள் திரும்பியபோது பச்சியப்பன் வாசலில் நின்றிருந்தார். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். செவ்வாய்க்குக் கிளம்பத் தோதான நாள் இருபத்தாறு மாதத்துக்கு ஒரு தடவைதான் வரும். ஆளில்லாத சாப்பாட்டுக் கப்பலை முந்தின தடவையே அனுப்பும் திட்டத்தை அவர்கள் போட்டு முடித்தது 1971 கோடையில்தான்.