கிராணியின் சப்பாத்து

எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் காலில் இருப்பதைக் கழற்றாமல் வீட்டுக்குள் நுழைகிறவர்கள் இரண்டே வகை. ஒன்று போலீஸ், இன்னொன்று ஆபீஸ். மற்றபடி கேஸ் தோம்பு தூக்கிவரும் சீனர்கூட வாசலில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அடுப்படி வரைக்கும் வருவார். ஆபீஸ்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் குனிந்து கழற்றப் போனாலும், "பரவால்லங்கய்யா, அப்படியே வாங்க" என்று கையைப் பிடித்து உள்ளே இழுக்கிறவர்கள் நாங்கள்தான். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யார் வீட்டுத் தரை, யார் பெருக்குகிற தரை, பரவாயில்லை என்று சொல்ல இந்த ஆண்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

ஐம்பத்தாறு வயது வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். அன்பரசி பிறந்த பிறகு முடியவில்லை.

அன்பரசி என் மகள் சாந்தினியின் பிள்ளை. ஒன்பது மாதம். சாந்தினி பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறாள், மருமகன் கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறார். பகல் முழுக்கப் பிள்ளை என்னிடம்தான். பிறந்ததிலிருந்தே அதற்கு மூச்சுக்கோளாறு. நெஞ்சுக்குள் விசில் அடிக்கிற மாதிரி சத்தம் வரும், விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வரும், உதடு வெளுத்துவிடும். மூன்று தடவை தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம். மூன்றாவது தடவை டாக்டர் என்னை உட்காரவைத்துச் சொன்னார். தூசி ஆகாது, புகை ஆகாது, தோட்டத்தில் அடிக்கிற மருந்து கிட்டேயே வரக்கூடாது. வெளியே மிதித்ததெல்லாம் சப்பாத்தில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வருகிறது, தவழ்கிற பிள்ளை அதைத்தான் கையால் தடவி வாயில் வைக்கிறது என்றார். கம்பளமே வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னார். இந்த மலைக் குளிரில் சிமெண்டுத் தரை எப்படி இருக்கும் என்று நான் சொன்னதும், சரி, அப்படியென்றால் அதைச் சுத்தமாக வைத்திருங்கள், யார் வந்தாலும் வெளியே கழற்றச் சொல்லுங்கள் என்றார்.

வைத்திருந்தேன். ஈப்போவில் வாங்கிய பச்சைக் கம்பளம், எட்டடிக்கு ஆறடி. தினமும் இரண்டு வேளை வேக்கூம் போடுவேன், பிள்ளையை அடுத்த வீட்டு தங்கம்மாவிடம் கொடுத்துவிட்டு. வாரத்துக்கு ஒருநாள் கொடியில் போட்டுப் பிரம்பால் அடிப்பேன். மாதம் ஒருதடவை சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பிரஷால் தேய்ப்பேன். இந்த ஊர் பனியில் ஒரு கைக்குட்டை காய்வதற்கே ஒரு பகல் வேண்டும். கம்பளம் காய நாலு நாள் ஆகும். அந்த நாலு நாளும் பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்க மாட்டேன். இடுப்பு கழன்று விழும். லயத்தில் சிரித்தார்கள். "பாஞ்சாலை வீட்டுக்குப் போறதுக்கு கோயிலுக்குப் போறதே மேல்" என்றார்கள். சிரிக்கட்டும். மூச்சு வாங்குவது அவர்கள் வீட்டுப் பிள்ளை இல்லை.

என் வீட்டுக்காரர் சாமிநாதனைப் பற்றியும் உள்ளதைச் சொல்ல வேண்டும். அவர் தோட்டத்தில் புல்லுக்கு மருந்து அடிக்கிறவர். முப்பத்தொரு வருடமாக அதே வேலை. அன்பரசிக்காக அவர் செய்ததை யாரும் செய்ய மாட்டார்கள். வேலை முடிந்து வந்ததும் பூட்ஸைக் கோழிக்கூண்டுக்கு அந்தப் பக்கமே கழற்றுவார். வேலைச் சட்டையைத் தனி வாளியில் போடுவார். பின்பக்கக் குழாயடியில், அந்தப் பச்சைத் தண்ணீரில், பல் கிட்டிக்கக் குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தொடுவார். ஒருநாள்கூடத் தவறியதில்லை. மருந்து என்றால் என்னவென்று அந்த மனிதருக்குத் தெரியும். தெரியாதவர் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

அவருக்கு அடுத்த வருடம் அறுபது. அதற்குமேல் ஒரு வருடம் வேலையை நீட்டிக் கொடுப்பதற்கு ஒரு பாரம் நிரப்ப வேண்டியிருந்தது. ஆபீஸ் கணக்கெல்லாம் பார்க்கும் பெரிய கிராணி டெரன்ஸ், தானே வீட்டுக்கு வந்து எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தான். அன்று மத்தியானத்திலிருந்தே இவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"பாஞ்சாலை, ஐயா நாலு மணிக்கு வராரு. நீ வாய வச்சிக்கிட்டு சும்மா இரு லா."

"நான் என்ன சொல்லப் போறேன்?"

"சப்பாத்தக் கழட்டச் சொல்லுவ."

"சொல்லத்தான் செய்வேன். யாரு, அல்போன்ஸ் மவன்தான? மூக்கு ஒழுகிட்டு நம்ம அடுப்படியில ரொட்டி கேட்டு நின்ன புள்ளதான? அவனுக்கு என்ன ஐயா, கொய்யா?"

"அது அப்ப. இப்ப கிராணி. ஒரு நாளைக்குத்தான, அவர் போனதும் தொடைச்சிக்கலாம்."

"தொடைச்சா போற மருந்தையா நீங்க மலையில அடிக்கிறீங்க? காலையில எங்க அடிச்சீங்க?"

அவர் நாற்காலியைத் துடைக்கப் போய்விட்டார். காலையில் ஆபீஸுக்குக் கீழே இருக்கிற மலையில்தான் அடித்திருந்தார். அந்த மலையில் ஆள் எண்ணிக்கை பார்க்க டெரன்ஸ் நடந்துபோனதை அவரே பார்த்திருக்கிறார்.

நாலேகாலுக்கு டெரன்ஸின் காடி வந்து நின்றது. நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் போய் நின்றேன், மறிக்கிற மாதிரிதான். மனசுக்குள் சண்டைக்கு எல்லாம் அடுக்கி வைத்திருந்தேன்.

"தம்பி, புள்ளைக்கு மூச்சு ஆகாது. சப்பாத்த வெளியவே கழட்டிட்டு வாப்பா."

"ஐயோ, கண்டிப்பா ஆண்ட்டி. நீங்க சொல்லாட்டியும் கழட்டியிருப்பேன். காலையில இருந்து மருந்தடிச்ச மலையிலதான் சுத்திட்டிருந்தேன். எங்க வீட்லயே என் ஒய்ஃப் வனெஸ்ஸா இதோட உள்ள விடமாட்டா."

அவ்வளவுதான். நான் அடுக்கி வைத்ததெல்லாம் வீணாகப் போயிற்று. அவன் படியில் உட்கார்ந்து நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தான். அதற்குள் என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து பாய்ந்து வந்தார்.

"பரவால்லங்கய்யா, பரவால்லங்க! அவ கெடக்கா. அப்படியே வாங்க!"

"இல்ல அங்கிள், இருக்கட்டும்."

இவர் கேட்டால்தானே. கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால் அதைத் தானே செய்வதாகச் சட்டென்று குனிந்து இன்னொரு கால் நாடாவைப் பிடித்துவிட்டார். முப்பத்திநாலு வயதுப் பையனின் காலடியில் அறுபதை நெருங்கும் ஆள். டெரன்ஸ் கூசிப்போய்க் காலை இழுத்துக்கொண்டான். எனக்கு அந்த இடத்திலேயே மண்டையில் ஏதோ வெடிக்கிற மாதிரி இருந்தது. பிள்ளைக்காக வாயை மூடிக்கொண்டேன். சப்பாத்து இரண்டும் கூரை விளிம்புக்குக் கீழே, படியில் இருந்தது. நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைக் கம்பளத்தில் இறக்கிவிட்டேன். தேத்தண்ணி போட அடுப்படிக்குப் போனேன்.

தண்ணீர் கொதிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் மழை விழுந்தால் பக்கத்தில் பேசுவதும் கேட்காது. தட்டில் மூன்று கோப்பையும் ஒரு பொட்டலம் பிஸ்கட்டும் வைத்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

டெரன்ஸ் வாசல் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தான். இவர் நாற்காலிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, அவன் பேனாவையே பார்த்தபடி நின்றார். பிள்ளையைக் காணோம். திறந்திருந்த வாசல் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன்.

சப்பாத்து கம்பளத்தின்மேல் இருந்தது. மழைச் சாரலில் நனையுமே என்று இவர்தான் உள்ளே எடுத்து வைத்திருக்கிறார். சும்மா போடவில்லை. ஜோடி பிசகாமல், முனை வாசலைப் பார்க்க, கிராணி எழுந்ததும் காலை நுழைத்துக்கொள்ள வசதியாக அடுக்கி வைத்திருக்கிறார். அதில் ஒன்றை அன்பரசி மடியில் போட்டுக்கொண்டு, நாடாவை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. கன்னமெல்லாம் சேறு.

தட்டு எப்படிக் கீழே விழுந்தது என்று எனக்குத் தெரியாது. நாடாவைப் பிடுங்கினேன், பிள்ளையை அள்ளினேன், இரண்டு சப்பாத்தையும் ஒரே கையில் பிடித்து மழைக்குள் வீசினேன். ஒன்று தங்கம்மாவின் ரோஜாத் தொட்டியில் போய் விழுந்தது.

"அடிப்பாவி!" என்று கத்தினார். பிள்ளையைப் பார்த்து இல்லை. சப்பாத்தைப் பார்த்து.

நான் குழாயடிக்கு ஓடினேன், பிள்ளையின் வாயைக் கழுவ. அவர் மழைக்குள் ஓடினார், சப்பாத்தை எடுக்க. இதுதான் நடந்தது. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. தன் பூட்ஸில் இருந்தால் அது விஷம், கோழிக்கூண்டுக்கு அந்தப் பக்கம். கிராணி சப்பாத்தில் இருந்தால் அதே மருந்து அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. அங்கே மரியாதை மட்டும்தான் தெரிந்தது.

வாயைக் கழுவும்போதே பிள்ளை இருமத் தொடங்கியது. கொஞ்சம் வாந்தி எடுத்தது. அப்புறம் அந்த விசில் வந்தது. நான் அந்தச் சத்தத்தைக் கேட்டால் தூக்கத்திலும் எழுந்துவிடுவேன்.

"ஆண்ட்டி, காடியில ஏறுங்க. சீக்கிரம் லா!" டெரன்ஸ் வெறும் காலுறையோடு மழையில் இறங்கி, கதவைத் திறந்துவிட்டான். வளைவுக்கு வளைவு ஹார்ன் அடித்துக்கொண்டு ஓட்டினான். பிள்ளையின் நெஞ்சு என் கைக்குள் ஏறி ஏறி இறங்கியது. "அன்பு, விடாதடி, மூச்ச விடாதடி" என்று என்னென்னவோ சொன்னேன். மூச்சை விடு என்று சொல்வதா, விடாதே என்று சொல்வதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் உடனே எடுத்துக்கொண்டார்கள். மூக்குக்கும் வாய்க்கும் சேர்த்து மூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். என்ன மருந்து வாயில் போயிற்று என்று டெரன்ஸ் ஆபீஸுக்குப் போன் செய்து பெயரைக் கேட்டு டாக்டரிடம் சொன்னான். போனமுறை என்ன கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்பதெல்லாம் பிள்ளையின் கிளினிக் புத்தகத்தில் இருக்கும், அதை யாரையாவது கொண்டுவரச் சொல்லுங்கள் என்றாள் நர்ஸ். சாந்தினி ஹோட்டலிலிருந்து கிளம்பிவிட்டாள், அவளிடம் இல்லை. வீட்டுக்குப் போன் போட்டேன்.

"புள்ளைய உள்ள வச்சிருக்காங்க. டிவிக்குப் பக்கத்துல கிளினிக் புக் இருக்கு. எடுத்துட்டு மோட்டர்ல உடனே வாங்க."

"வரேன், வரேன்." அதே மூச்சில் கேட்டார்: "ஐயா அங்கதான் இருக்காரா?"

நான் போனை வைத்துவிட்டேன்.

நாற்பது நிமிடம். அதற்குள் டாக்டர் இரண்டு தடவை புத்தகம் வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டார். பிள்ளைக்கு விசில் கொஞ்சம் தணிந்திருந்தது, ஆனால் விலா இன்னும் உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தது. டெரன்ஸ் நனைந்த காலுறையைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு சுவர் ஓரம் நின்றான். "நான் பாத்திருக்கணும் ஆண்ட்டி" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவனிடம் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கோபப்பட முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெளியாள்மேல் கோபப்படுவது எவ்வளவு சுலபம்!

இவர் வந்தார். தலையிலிருந்து கால்வரை தண்ணீர் சொட்டிற்று. மழைக்கோட்டைத் தான் போடவில்லை, எதையோ அதில் சுற்றி நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். கட்டிலில் இருந்த பிள்ளையைத் தாண்டி, என்னைத் தாண்டி, நேராக டெரன்ஸிடம் போனார். மழைக்கோட்டைப் பிரித்தார்.

சப்பாத்து. சேறு போகத் துடைத்து, பாலிஷ் போட்டு, உள்ளே ஈரம் இழுக்கப் பழைய பேப்பரைத் திணித்து வைத்திருந்தார்.

"குளிர்ல வெறுங்காலோட நிக்கிறீங்களேங்கய்யா" என்றார். அவருடைய உதடு நீலம் பாரித்து நடுங்கியது.

"புக் எங்க?" என்று கேட்டேன்.

அவர் தன் கையைப் பார்த்தார். மழைக்கோட்டை உதறிப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் பாவமாகத்தான் இருக்கும். எனக்கு இல்லை. அந்த நிமிடம் அவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும்போல் இருந்தது.

"அங்கிள், புள்ள மூச்சு விட முடியாம கெடக்கு" என்றான் டெரன்ஸ். "என் சப்பாத்து யாருக்கு அங்கிள் வேணும்?"

"போங்க" என்றேன் நான். "திரும்பிப் போய் அந்தப் புக்கை எடுத்துட்டு வாங்க. அது இல்லாம என் மூஞ்சில முழிக்காதீங்க."

அவர் தலையாட்டினார். கட்டிலுக்கு வந்து, தொடலாமா என்று தயங்கி, தொடாமல், பிள்ளையை ஒரு தடவை பார்த்தார். கண் கலங்கியிருந்தது. கதவு வரைக்கும் போனார். போனவர் நின்றார். திரும்பி, ஈரக் கையை நெஞ்சுக்கு நேரே கட்டிக்கொண்டு, டெரன்ஸிடம் கேட்டார்.

"ஐயா, நான் போயிட்டு வந்துரட்டுங்களா?"

டெரன்ஸ் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். அவன் வாய் திறந்து "போய்ட்டு வாங்க" என்று சொல்லும்வரை அவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.