பதினெட்டாம் தேதி

நசீராவின் வாயைப் பற்றிப் பாலக்கரையில் பல கதைகள் உண்டு. அவளோடு சண்டைக்குப் போனவர்கள் இரண்டு நாள் ஜன்னலைத் திறக்க மாட்டார்கள். ஆனால் ரகசியம் என்று ஒருத்தி சொல்லிவிட்டால் அது அவளோடு இருக்கும். அப்படித்தான் அடுத்த வீட்டுச் சபீனாவும் நம்பினாள். ஒன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், கல்யாணமாகி வந்ததும் ஒரே தெருவுக்கு. நம்பாமல் என்ன செய்வாள்?

சபீனாவின் வீடு விலைக்கு வந்திருந்தது. கணவர் ஜெகபர் சாதிக்கின் செருப்புக் கடை படுத்துவிட்டது. வீட்டின் மேல் பேங்க் லோன் இருப்பது தெருவுக்கே தெரியும். யார் வீட்டின் மேல்தான் இல்லை? தெரியாதது ஒன்றே ஒன்று. மாதக்கணக்கில் தவணை கட்டவில்லை. வருகிற பதினெட்டாம் தேதிக்குள் மொத்தக் கடனையும் அடைக்காவிட்டால் பேங்க்காரர்கள் வந்து வாசல் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிடுவார்கள். இதைச் சபீனா மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது சொன்னாள்.

"மூச்சு விட்றாதடி. தேதி தெரிஞ்சா அடிமாட்டு விலைக்குக் கேப்பாங்க."

"எங்கிட்ட சொல்லிட்டு இதை வேற சொல்லணுமா? போடி அங்கிட்டு!"

வீட்டை வாங்க வந்தவனும் வெளியாள் இல்லை. நசீராவின் அண்ணன் முகமது யூசுப், சவூதியில் தம்மாமில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்தவன். ஐம்பத்தொரு லட்சம் என்று வாய்ப்பேச்சாக முடிந்திருந்தது. பேங்க்குக்குப் போக மிச்சத்தில் திருவெறும்பூரில் இரண்டு அறை வீடு ஒன்றைச் சபீனா பார்த்து வைத்திருந்தாள். மகள் ஜெஸிமாவின் காலேஜ் பஸ் அந்தத் தெருமுனையில்தான் நிற்குமாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தில் பழைய சிரிப்பு வரும்.

இந்த நேரம் பார்த்து யூசுப்புக்குப் புத்தி ஆற்றைத் தாண்டியது. ஸ்ரீரங்கத்தில் யாரோ ஒரு பிளாட்டைக் காட்டிவிட்டார்கள். தங்கை வீட்டில் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே, "அங்க காத்து என்னமா வருது தெரியுமா! யோசிக்கணும் புள்ள" என்றான்.

நசீராவுக்குப் பகீரென்றது. இவன் யோசித்து முடிப்பதற்குள் சபீனாவின் கதவில் நோட்டீஸ் ஏறிவிடும்.

"அண்ணே, இழுக்காதீங்க. முடிக்கிறதா இருந்தா வெரசா முடிங்க. பதினெட்டாம் தேதிக்குள்ள அவங்க பேங்க்ல கட்டியாகணும். இல்லன்னா நோட்டீஸ் ஒட்டிருவாங்க. பாவம்ண்ணே."

யூசுப்பின் கை பரோட்டாவில் நின்றது. "அப்படியா?" என்றான். பிறகு சால்னாவை ஊற்றிக்கொண்டு, "பாவந்தான்" என்றான்.

அதற்குப் பிறகு ஸ்ரீரங்கத்துக் காற்றைப் பற்றி அவன் பேசவில்லை. பாலக்கரை வீட்டைப் பற்றியும் பேசவில்லை. ஜெகபர் போன் போட்டால் எடுக்கவில்லை. ஆள் அனுப்பினால் மதுரைக்குப் போயிருப்பதாகச் சொல்லச் சொன்னான். மதுரையில் அவனுக்கு என்ன வேலை! தில்லைநகரில் டீ குடித்துக்கொண்டிருந்தான். தேதி நெருங்கியதும் ஒரு நாள் தானாக வந்து உட்கார்ந்து, நாற்பத்திரண்டு என்றான். சம்மதமென்றால் பதினேழாம் தேதி பத்திரம். இல்லையென்றால் தனக்கு ஒன்றும் அவசரமில்லை.

ஒரே ஒரு தேதி. ஒன்பது லட்சத்தைத் தின்றுவிட்டது. திருவெறும்பூர் வீடு போயிற்று. துவாக்குடிப் பக்கம் வாடகைக்குப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

நசீரா அண்ணன் வீட்டுக்குப் போய்க் கத்தினாள். "உங்கள அவசரப்படுத்தத்தானே சொன்னேன்? நீங்க மனுசனா?"

"நானா அவங்களக் கடன் வாங்கச் சொன்னேன்? அனுதாபம் வேற, வியாபாரம் வேற."

மறுநாள் அவள் வீட்டு வாசலில் அண்ணன் அனுப்பிய ஒரு வாஷிங் மெஷின் வந்து இறங்கியது. திருப்பி அனுப்ப வேண்டும் என்றுதான் நினைத்தாள். அவள் கணவர் நஸ்ருல்லா அதற்குள் குழாயை மாட்டி, ஒரு தடவை ஓட்டியும் பார்த்துவிட்டார். அப்புறம் அவளும் துணியைப் போட்டாள். வெட்கம் கெட்டவள், போட்டாள். அண்ணனை ஏசிக்கொண்டாள் என்றாலும் மனசுக்குள் இன்னொன்றும் அரித்துக்கொண்டே இருந்தது. அண்ணன் எப்படிப்பட்டவன் என்று அவளுக்குத் தெரியாதா? சின்ன வயதில் ஐஸ் வாங்கும்போதே, உருகட்டும் என்று காத்திருந்து பாதி விலைக்குக் கேட்டவன். தெரிந்தேதானே சொன்னாள்? கொஞ்சம் குறைந்தால் அண்ணனுக்கு நல்லதுதானே என்று ஒரு ஓரத்தில் நினைத்தாளா இல்லையா? அல்லாஹ்வுக்கே வெளிச்சம். அவளுக்கும் தெரியும்.

இதைவிடக் கொடுமை அடுத்த வீட்டில் நடந்தது. தேதி வெளியே போனது ஜெகபரின் தம்பி அனீஸ் மூலமாகத்தான் என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். தேதி அவனுக்கும் தெரியும், நசீராவைச் சந்தேகிக்கச் சபீனாவுக்குத் தோன்றவே இல்லை. "என் மவுத்துக்குக்கூட வராத!" என்று ஜெகபர் கத்தித் தம்பியை விரட்டியது சுவரைத் தாண்டி நசீராவுக்குக் கேட்டது. அனீஸ் தெருவில் நின்று, "வல்லாஹி நான் சொல்லலண்ணே" என்று அழுதான். நசீரா ஜன்னல் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் சபீனா வந்தாள். "பத்திரத்துக்கு அனீஸுதான் சாட்சிக் கையெழுத்துப் போடுறதா இருந்துச்சு. இனிமே அவன் வேணாம். நீ வர்றியாடி? உன்ன விட்டா எனக்கு யாரு?"

வருகிறேன் என்றாள் நசீரா. வேறென்ன சொல்வது!

பதினேழாம் தேதி பத்திர ஆபீஸில் கூட்டம் நெரிந்தது. மறுநாள் அரசு விடுமுறை. பேங்க் ஆள் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாட்சிகளின் பெயர், ஆதார் நம்பர் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. "இன்னும் ரெண்டு டோக்கன்தான். சாட்சி போடுறவங்க போட்டுருங்க" என்று பத்திரம் எழுதுபவர் பேனாவை நசீராவிடம் நீட்டினார்.

நசீரா வாங்கவில்லை.

"சபீனா, அனீஸ் சொல்லலடி. நான்தான் சொன்னேன். அண்ணன் சீக்கிரம் முடிக்கணும்னுதான் தேதியச் சொன்னேன்."

ஜெகபர் நிமிர்ந்து பார்த்தார். சபீனா முக்காட்டுத் துணியின் ஓரத்தை வாயில் வைத்துக் கடித்தாள்.

அழுகையோடு நசீராவுக்கு வெறியும் வந்தது. அண்ணன் பக்கம் திரும்பினாள். "அம்பத்தொன்னுக்கு எழுதுங்க. இல்லன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன். என்ன செய்வீங்க?"

யூசுப் சத்தம் போடவில்லை. பத்திரம் எழுதுபவரைப் பார்த்தான். "சாட்சிய மாத்தினா?"

"திரும்ப ஏத்தணுங்க. இன்னிக்கு டோக்கன் போயிரும். லீவு முடிஞ்சுதான்."

"அதுக்கென்ன, லீவு முடிஞ்சே வருவோம்" என்று யூசுப் டி.டி. இருந்த கவரை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "எனக்கு அவசரமில்லை."

நசீராவுக்கு அப்போதுதான் உறைத்தது. தன் கையில் ஏதோ இருப்பதாக நினைத்தாளே, அதுவும் அவன் பக்கம்தான் இருந்தது. பேங்க் ஆள் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

சபீனா எழுந்து வந்தாள். பேனாவை வாங்கி நசீராவின் விரல்களுக்குள் வைத்து அழுத்தினாள்.

"போடுடி."

"சபீனா, என்னை மன்னி..."

"அதெல்லாம் இப்ப வேணாம். நீ நல்லவளாகிறதுக்கு நான் இன்னொரு தடவை காசு கொடுக்க முடியாது. கெஞ்சிக் கேக்குறேன், கையெழுத்தப் போடு."

நசீரா போட்டாள். கண்ணீரில் கோடு தெரியவில்லை. பத்திரம் எழுதுபவர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். சபீனா உள்ளே போய்ப் போட்டோவுக்கு நின்றாள், கைரேகை வைத்தாள், கேட்டதற்கெல்லாம் ஆமாங்க என்றாள்.

வெளியே வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. ஜெகபர் ஓரமாக நின்று அனீஸுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். அவன் எடுக்கவில்லை போலிருக்கிறது, திரும்பத் திரும்பப் போட்டார். நசீரா ஓடிப்போய் ஒரு ஆட்டோவை நிறுத்தினாள்.

"சபீனா, வாடி. சேந்து போயிரலாம்."

சபீனா அவளைப் பார்த்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை.

"இல்லைங்க, நீங்க போங்க. நாங்க பஸ்ல வந்துக்கறோம்."