முச்சந்தியில் மஞ்சள் மாவு

அந்த ஓட்டக் குழுவில் வழி காட்டுவது மாவுதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒருவர் மட்டும் முன்னால் போய், தான் தேர்ந்தெடுத்த பாதை நெடுகக் கோதுமை மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிவிட்டு வருவார். மாலையில் மற்றவர்கள் அந்த வெள்ளைப் புள்ளிகளைத் தேடிக்கொண்டே ஓடுவார்கள். வழி பிரியும் இடத்தில் ஒரு வட்டம் இருக்கும். அதற்குள் ஒரு பெருக்கல் குறி. அங்கே நின்று, எந்தப் பக்கம் மாவு தொடர்கிறது என்று தேட வேண்டும். கண்டுபிடித்தவர், தடம் இங்கே இருக்கிறது என்பதற்கு "ஆன், ஆன்" என்று கத்துவார். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே கோலாலம்பூரில் இருக்கும் விளையாட்டு இது.

அன்று தடம் போட்டவள் லோகேஸ்வரி. அவளுக்கு அதுதான் முதல் முறை. சாலாக் செலாத்தானில் ஒரு பூங்காவிலிருந்து தொடங்கி, பழைய ஈயக்குட்டையைச் சுற்றி, மூடிக்கிடக்கும் கூரை ஓட்டுத் தொழிற்சாலையின் காலி நிலம் வழியாக, வரிசை வீடுகள் உள்ள ஒரு லோரோங்கில், அதாவது சந்தில், நுழைந்து, நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில் மீண்டும் பூங்காவுக்கு வரும் பாதை. ஈயம் தோண்டிய பள்ளத்தில் இப்போது மேகம் மிதந்தது. தொழிற்சாலையின் கூரையில்லாத சுவர்களுக்குள் பப்பாளி மரங்கள் யாரையோ எதிர்பார்ப்பவை போல நின்றன. இந்த இடங்களை அம்மா பார்க்க வேண்டும் என்பதற்காகவே லோகேஸ்வரி இந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

அப்பா இறந்த பிறகு அம்மா புஷ்பவல்லி பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டைவிட்டு வெளியே வருவதே இல்லை. பகல் முழுவதும் திரைச்சீலை மூடியிருக்கும். "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்று ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். அன்றைக்கே லோகேஸ்வரி அப்பாவின் மிச்ச மாத்திரைகளை எடுத்துத் தன் ஆபீஸ் பையில் போட்டுக்கொண்டாள். அதன் பிறகு வாரக்கணக்கில் கெஞ்சித்தான் இன்று அம்மாவை அழைத்து வர முடிந்தது. ஓட வேண்டாம், கடைசியில் மெல்ல நடந்து வந்தால் போதும் என்று பேச்சு. அம்மா பச்சைத் துப்பட்டாவோடு பஞ்சாபி சூட் அணிந்து, மகளின் பழைய ஓட்டக் காலணியை மாட்டிக்கொண்டு வந்தாள். சூட்டில் பை இல்லாததால் கைப்பேசியைக் காரிலேயே வைத்துவிட்டாள்.

தடம் போட்டவர் கூட ஓடுவதில்லை. முடியும் இடத்தில் தண்ணீரும் வெட்டிய தர்பூசணியும் வைத்துக்கொண்டு காத்திருப்பார். லோகேஸ்வரி பாலத்தடியில் காத்திருந்தாள். முதலில் வேகமானவர்கள் வந்தார்கள், பிறகு பேசிக்கொண்டே ஓடுபவர்கள். எல்லாருக்கும் பின்னால் வர வேண்டியவர் திருச்செல்வம். அவரும் தனியாகத்தான் வந்தார்.

"அண்ணே, அம்மா எங்க?"

"பின்னாலதான் வராங்க லா. ஃபேக்டரி கிட்ட வரைக்கும் கூடவே நடந்தேன். 'நீங்க ஓடுங்க தம்பி, எனக்காக ஏன் ஆமை மாதிரி வரீங்க, மாவுதான் தெரியுதே'ன்னு விரட்டிட்டாங்க." அவர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். "இன்னும் வரலையா?"

வரவில்லை. தர்பூசணி தீர்ந்தது. நெடுஞ்சாலையில் விளக்குகள் எரியத் தொடங்கின. திருச்செல்வம் பாலத்தைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரமாகத் தேடுவதாகச் சொன்னார். லோகேஸ்வரி பூங்காவைக் குறுக்கே கடந்து, பாதை தொடங்கிய இடத்திலிருந்து ஓடினாள். அம்மா தொழிற்சாலைவரை வந்தது தெரிந்தும், அவள் கால்கள் முதலில் போன இடம் குட்டைதான்.

தண்ணீர் கறுத்துக்கொண்டிருந்தது. "அம்மா" என்று கூப்பிட்டாள். எதிர்க்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர் தலையைத் திருப்பிவிட்டு மறுபடியும் தண்ணீரையே பார்த்தார். நாணல் ஓரத்தில் பச்சையாக ஏதோ மிதந்தது. லோகேஸ்வரி யோசிக்கவில்லை. கரையிலிருந்து சேற்றில் இறங்கி, முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறும்வரை நடந்து, அதை எட்டிப் பிடித்தாள். கிழிந்த வலை. மீன்காரர்கள் விட்டுப் போனது. அதைக் கையில் பிடித்தபடி அவள் நெடுநேரம் நின்றதாகத் தோன்றியது. பிறகு கரையேறி மறுபடி ஓடினாள்.

தொழிற்சாலை நிலத்தில் மாவு அப்படியே இருந்தது. மரத்தடியில் ஒன்று, உடைந்த சுவரில் ஒன்று. லோரோங்குக்குள் நுழைந்ததும் இல்லை. மூன்று வழி சேரும் இடத்தில் அவள் போட்ட வட்டமும் இல்லை. சிமெண்ட் தரை ஈரமாக இருந்தது. யாரோ கழுவியிருக்கிறார்கள். கழுவிய இடத்துக்கு நடுவில் அறுத்த எலுமிச்சம்பழம் ஒன்று கிடந்தது.

மூலை வீட்டுக் கேட்டுக்குள் பெண்களின் குரல் கேட்டது. அம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் கையை இன்னொரு பெண் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டா," என்றாள் அம்மா. "நான் சொன்னேன்ல, வருவான்னு."

லோகேஸ்வரி கேட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

அம்மாவின் கையைப் பிடித்திருந்தவள் எழுந்தாள். பக்கத்து வீட்டு ரமணி. "தங்கச்சி, நீதானா அந்த மாவு போட்டது? வாயைத் திறந்து சொல்லு லா. என் மானம் போய்க்கிட்டிருக்கு."

வீட்டு வாசலில் தோளில் குழந்தையோடு நின்ற இளம்பெண் குமுதா. அது அவள் வீடு. காய்ச்சலில் கிடந்த குழந்தையைக் கிளினிக்கில் காட்டிவிட்டு ஓட்டக்காரர்கள் போன பிறகு திரும்பியிருக்கிறாள். வீட்டுக்கு நேர் எதிரே, முச்சந்தியில், மஞ்சள் கலந்த மாவில் ஒரு வட்டம். அதற்குள் ஒரு பெருக்கல் குறி. அன்று அமாவாசை வேறு. ரமணிக்கும் அவளுக்கும் கார் நிறுத்தும் தகராறு போன வாரம்தான் நடந்திருக்கிறது. குமுதா நேராக ரமணி வீட்டுக் கேட்டைத் தட்டி, "என் பிள்ளைக்குச் செய்வினை வைக்கிற அளவுக்குப் போயிட்டியா" என்று தெருவே கேட்கக் கேட்டுவிட்டாள். எலுமிச்சை அறுத்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவும்போதுதான் புஷ்பவல்லி நடந்து வந்திருக்கிறாள்.

"மஞ்சள் ஏன் போட்ட?" என்றாள் குமுதா. "விளையாட்டுன்னா வெறும் மாவு போட வேண்டியதுதானே. மஞ்சள் எதுக்கு?"

"சிமெண்ட் தரை வெளுப்பா இருந்துச்சு. வெள்ளை மாவு தெரியாதுன்னு..." சொல்லும்போதே லோகேஸ்வரிக்குத் தான் செய்தது புரிந்தது. காலையில் அம்மாவின் டப்பாவிலிருந்து மஞ்சள்தூளை எடுத்து மாவில் கலந்தபோது நிறம் மட்டும்தான் மனதில் இருந்தது. குழுவில் உள்ள சீனர்கள் என்றால் கலர் சாக்கட்டி வாங்கியிருப்பார்கள். அமாவாசையன்று முச்சந்தியில் மஞ்சள் வட்டம் போட, சமையலறையில் மஞ்சள் வைத்திருக்கும் ஒருத்தி வேண்டியிருந்தது.

"என்னோட மஞ்சள்னு நான் அப்பவே சொன்னேன்," என்றாள் அம்மா. "அதுக்கு இந்தப் பொண்ணு, 'அப்ப நீதான் ரமணி கூட்டிட்டு வந்த மந்திரக்காரியா'ன்னு கேக்குது. எனக்குச் சிரிப்பே வந்துடுச்சு."

"ஆன்டி சிரிச்சதுல எனக்கு இன்னும் பயமாயிடுச்சு," என்றாள் குமுதா.

"நீ ஏம்மா பாலத்துக்கே வந்திருக்கக் கூடாது? நாங்க எல்லாம்..." என்றாள் லோகேஸ்வரி.

"போறேன்னுதான் சொன்னேன். இவங்க விடல." அம்மா ரமணியைக் காட்டினாள். "'நீங்க போயிட்டா எனக்குச் சாட்சி யாரு'ன்னு அழுதாங்க. எப்படி விட்டுட்டு வர்றது? மாவு போட்டது என் மக. பழி இவங்களுக்கா? மாவும் இல்ல, எந்தப் பக்கம் போறதுன்னும் தெரியல, உன் போன் நம்பரும் ஞாபகம் இல்ல. நீ வந்து சொன்னாத்தான் முடியும்னு உக்காந்துட்டேன்."

குமுதா குழந்தையை மறுதோளுக்கு மாற்றினாள். "நீங்க ரெண்டு பேரும் தாயும் மகளும். ரெண்டு பேரும் ஒண்ணைத்தான் சொல்லுவீங்க. சூடம் அணைச்சு சொல்லச் சொல்லுங்க. நம்புறேன்."

"அதெல்லாம் எதுக்கு..." என்று தொடங்கிய லோகேஸ்வரி ரமணியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

வாசலில் இருந்த சாமி மேடையில் குமுதா சூடத்தை ஏற்றினாள். ஓட்டக் கால்சட்டையும் சேறும் வலையின் நாற்றமுமாக லோகேஸ்வரி அதன் முன்னால் நின்றாள். "இந்த மாவை நான்தான் போட்டேன். வழி காட்டத்தான் போட்டேன். ரமணி அக்காவுக்கு இதுல ஒண்ணும் தெரியாது." வலது உள்ளங்கையால் சூட்டோடு அடித்து அணைத்தாள். அவள் நினைத்ததைவிட அதிகமாகச் சுட்டது.

குழந்தை புகைபட்டுத் தும்மியது.

"மன்னிச்சிடுங்கக்கா," என்றாள் குமுதா தரையைப் பார்த்து.

"செய்வினை வைக்கத் தெரிஞ்சிருந்தா என் புருஷனுக்கு வச்சு என்னைக்கோ வேலைக்கு அனுப்பியிருப்பேன்," என்றாள் ரமணி. கண்ணைத் துடைத்துக்கொண்டு குழந்தையை வாங்கிக்கொண்டாள். "கொடு. காலையிலேர்ந்து தூக்கிக்கிட்டே இருக்க."

திருச்செல்வத்துக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத் தாயும் மகளும் பாலத்தை நோக்கி நடந்தார்கள். தெருவிளக்கு வெளிச்சத்தில்தான் அம்மா மகளின் கால்களைப் பார்த்தாள். தொடைவரை சேறு காய்ந்து வெடித்திருந்தது.

"என்ன இது?"

"குட்டைப் பக்கம் வழுக்கிடுச்சு."

அம்மா நின்றாள். வழுக்கியவளின் உடம்பில் எங்கெல்லாம் சேறு இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மகளின் கைகளும் முதுகும் சுத்தமாக இருந்தன.

"நீ என்னைத் தண்ணியிலயா தேடுன?"

லோகேஸ்வரி அழக் கூடாது என்று பாலத்தின் மேலே போகும் லோரிகளின் சத்தத்தைக் கவனித்தாள்.

அம்மா தன் இரண்டு கைகளையும் விரித்து வெளிச்சத்தில் காட்டினாள். உள்ளங்கைகளில் செம்பழுப்புக் கோடுகள். கம்பிவேலியின் துரு.

"அந்தக் குட்டை முடியுற வரைக்கும், வேலி இருந்த இடத்துல எல்லாம் அதைப் பிடிச்சுக்கிட்டேதான் வந்தேன். அந்தத் தம்பி கூட இருக்கும்போதும் விடல. சறுக்கி உள்ள விழுந்துட்டா என்ன பண்றதுன்னு அவ்வளவு பயம் எனக்கு."

லோகேஸ்வரி அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். சூடம் சுட்ட இடம் துருவில் பட்டு எரிந்தது. விடவில்லை.

"இனிமே அந்தப் பக்கமா மாவு போடாத," என்றாள் அம்மா. "பாதி இடத்துல வேலியே கிடையாது. வயசானவங்க எப்படி நடப்பாங்க?"

"சரிம்மா," என்றாள் லோகேஸ்வரி.