முன்னறை அந்தோனியார்

நினைக்க இப்பவும் எனக்கு அரியண்டமா, அருவருப்பாத்தான் இருக்கு. கூடப்பிறந்தவனைப் பற்றி இப்பிடிச் சொல்ல வேண்டி வந்ததே ஒரு கேடு.

கொட்டாஞ்சேனையில எங்கட வீட்டு முன்னறையில முப்பத்தொரு வருசமாத் தைக்கிறன். தையல் யோசெப்பின் எண்டு கேட்டால் சந்தியில ஆரும் வீட்டைக் காட்டுவினம். பகல் முழுக்க மெசின், படுக்கிறதுக்கு அதே அறையில மடக்குக் கட்டில். நான் கலியாணம் கட்டேல்லை. அப்பா சாகக்குள்ள வீட்டுறுதியைத் தம்பி செபஸ்தியன்ட பேரில எழுதிப்போட்டு, முன்னறை அக்காவுக்கு எண்டு வாயால சொன்னவர். வாயால சொன்னதோட சரி, கடதாசியில ஒரு எழுத்தில்லை.

போன வருசம் செபஸ்தியன் மேல மாடி எழுப்பினான். மாடி எழும்ப வீட்டு வரியும் எழும்பத்தானே செய்யும். புதுசா மதிப்புப் போட்ட கடதாசி வந்த அண்டு, அவனும் பெண்சாதி ரொஷேலும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தினம். வீட்டில தொழில் நடக்குது எண்டு முன்னறைக்குத் தனியாக் கூட்டிப் போட்டிருக்காம். எல்லாம் வாசலில தொங்குற என்ட தையல் போர்டாலதானாம். மாடியால கூடினதைப் பற்றி மட்டும் ரெண்டு பேரும் வாய் திறக்கேல்லை.

போர்டைக் கழட்டுறன் எண்டன். அது போதாதாம். அவனோட துறைமுகத்தில வேலை செய்யிற புஷ்பராஜ் எண்டவன், பொதுச்சனம் கும்பிடுற இடத்துக்கு வரி விலக்கு இருக்கெண்டு சொல்லிக் குடுத்திருக்கிறான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்த் திரும்பி வாறன், என்ட மெசினும் கட்டிலும் பின்னால கக்கூசுக்குப் பக்கத்தில நிக்குது. முன்னறையில ஆளுயரத்துக்குப் புனித அந்தோனியார் சிலை. காலடியில பிளாஸ்டிக் லில்லிப்பூ, தலைக்கு மேல மினுங்குற பல்ப். நான் அளவெடுக்கிற இஞ்சி டேப் தொங்கின ஆணியில ஒரு செபமாலை. கொஞ்ச நாளைக்குத்தானே அக்கா, வரி ஆள் வந்து பார்த்துப்போட்டுப் போகட்டும் எண்டான் செபஸ்தியன்.

அவன் கோயில் வாசலை மிதிச்சுப் பத்து வருசமிருக்கும். வெக்கம் கெட்டவன், செவ்வாய்க்கிழமைகளில வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு, கதவை அகலத் திறந்து, அயலைக் கூப்பிட்டுச் செபம் சொல்லத் தொடங்கினான். பாதியில மறந்துபோனால் ஃபோனைப் பார்த்து வாசிப்பான். ரொஷேல் சனத்தைப் படம் பிடிச்சு வரிக்காரருக்குக் காட்ட ஃபைலில போடுவாள். படத்தில கண்ணீர் தெரிஞ்சால் நல்லதாம். சீ! பின்னால கக்கூஸ் நாத்தம், முன்னால இவங்கட நாத்தம்.

ஆனால் சனத்துக்கு அது விளையாட்டில்லை. கொழும்பில செவ்வாய்க்கிழமை அந்தோனியாரின்ட நாள், அண்டைக்குக் கிறிஸ்தவ வேதக்காரர், சைவக்காரர், சிங்களச்சனம் எண்டு ஒரு கணக்குமில்லை. மூண்டாம் கிழமையே படிக்கட்டு வரைக்கும் ஆள். கிராண்ட்பாஸிலயிருந்து குப்பாயி எண்டு ஒருத்தி வருவாள். கடைகளில கூட்டித் துடைக்கிறவள். நெத்தியில திருநீறோட முழங்காலில நிப்பாள். மகளுக்கு நெஞ்சில ஒப்பரேசன் செய்யவேணுமாம். இங்க வந்து அழுதுட்டுப் போனாத்தான் அக்கா ராவைக்குக் கண்ணு மூடுது எண்டு ஒருநாள் என்னட்டச் சொன்னாள். நான் பின்னால போய்த் தைச்சன்.

வரிக் கந்தோர் ஆளையும் செபஸ்தியன் ஒரு செவ்வாய்க்கிழமையாப் பார்த்துத்தான் வரவைச்சான். அவர் கேட்டால், அந்த அறையில ஒருத்தரும் இருக்கிறதில்லை எண்டு சொல்லு எண்டு எனக்குப் பாடம் நடத்தினான். நான் தலையை ஆட்டினன். மனசுக்குள்ள வேற நினைச்சிருந்தன். உள்ளதைச் சொன்னால் விலக்குக் கிடைக்காது. விலக்கில்லையெண்டால் சிலை வெளியில போகும், என்ட மெசின் உள்ள வரும்.

வந்தவர் வயசான சிங்கள மனுசன், மரியாதையானவர். வாசலில சப்பாத்தைக் கழட்டிப்போட்டு, முதல்ல அந்தோனியாரைக் கும்பிட்டார். பிறகு அறையை அளந்தார். அளந்து முடிய என்னட்டத் திரும்பி, இஞ்ச ஆரும் குடியிருக்கினமோ எண்டு சிங்களத்தில கேட்டார்.

வாயைத் திறந்தன். எனக்கு முன்னால குப்பாயி முழங்காலில நிக்கிறாள். கையில மகளின்ட ஆஸ்பத்திரிக் கடதாசி. வெள்ளிக்கிழமை ஒப்பரேசன். அவளுக்குச் சிங்களம் தண்ணிபோல விளங்கும். இது என்ட அறை, வரிக்காகக் கொண்டுவந்து வைச்ச சிலை எண்டு நான் சொன்னால், அவள் இவ்வளவு நாளும் எதுக்கு முன்னால அழுதவள்?

"கவுருத் நே, மாத்தயா" எண்டன். ஒருத்தரும் இல்லை, ஐயா.

அவர் எழுதிக்கொண்டு போயிட்டார். செபஸ்தியன் ஓடி வந்து, என்ட அக்காவெண்டால் அக்காதான் எண்டு தோளில தட்டினான். அந்தக் கை பட்ட இடத்தைச் சவுக்காரம் போட்டுக் கழுவினன்.

ஒரு மாசம் கழிச்சு விலக்குக் கடதாசி வந்தவுடன அறையைத் தா எண்டு கேட்டன். இனி எப்பிடி அக்கா, திடீரெண்டு திரும்ப வந்து பார்த்தாங்களெண்டால் எண்டு இழுத்தான். அதோட விடேல்லை. பின்பக்கமும் ரொஷேலுக்குச் சாமான் வைக்கத் தேவையாம். இரத்மலானையில மலிவா ஒரு சின்ன அறை பார்த்து வைச்சிருக்கிறானாம், நான் அங்க போனால் எனக்கும் நிம்மதியாம். தூ! என்ட வாயால இல்லையெண்டு சொல்லவைச்சு, இப்ப உண்மையாவே இல்லாமல் பண்ணப் பார்க்கிறான்.

ஒப்பரேசனுக்குப் பிறகு வராமலிருந்த குப்பாயி, அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு பையோட வந்தாள். மகள் தப்பிட்டாளாம். பைக்குள்ள அவளுக்குச் சட்டை தைக்கப் பூப்போட்ட துணி. இந்த மெசினில ஒரு பக்கம் பிடி எண்டன். ஏன் எதுக்கெண்டு கேக்காமல் பிடிச்சாள். சனம் விலகி வழி விட, ரெண்டு பேருமாத் தூக்கிக்கொண்டு வந்து அந்தோனியாரின்ட காலடியில இறக்கினம்.

செபஸ்தியன் செபத்தை விட்டுப்போட்டுக் கிட்ட வந்து, என்ன வேலை இது எண்டு பல்லைக் கடிச்சான்.

"பொது இடமெண்டு நீதானே எழுதிக் குடுத்தனி. நானும் பொதுச்சனம்தான். இல்லையெண்டால் கந்தோருக்குப் போய்ச் சொல்லு, இது என்ட அக்காட அறையெண்டு."

அத்தனை சனமும் அவன்ட முகத்தைப் பார்த்துது. ரொஷேல் ஃபோனைப் பைக்குள்ள வைச்சாள். அவன் திரும்பிப் போய், விட்ட இடம் தெரியாமல் செபத்தை முதலிலயிருந்து தொடங்கினான்.

சட்டை தைச்சுக் குடுத்தாச்சு. மடக்குக் கட்டிலும் முன்னறைக்கு வந்திட்டுது. இரத்மலானைக் கதையை ஒருத்தரும் இப்ப எடுக்கிறதில்லை. தம்பியைக் கண்டால் எனக்கு இன்னும் அரியண்டம்தான், அது மாறாது. நாள் முழுக்க அந்தோனியாருக்கு முன்னால இருந்து தைக்கிறன். தலையை நிமிர்த்தி அவரைப் பார்க்க மட்டும் ஏலாமல் இருக்கு. அவரின்ட காது கேக்கத்தானே இஞ்ச ஒருத்தரும் இல்லையெண்டு நானும் அந்தப் பொய்யைச் சொன்னனான்.